விளக்கேந்திய கையில் ஓர் எழுதுகோல்

விளக்கேந்திய மாது என்றதும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உருவம் நம் கண்முன் வந்து நிற்கிறது. நீண்ட கறுப்பு அங்கி, தலையில் வெண்துணி, கையில் விளக்கு, இருபுறமும் காயமுற்ற வீரர்கள். இப்படத்தைப் பாடநூலில் காணாத மாணவி நம்மிடையே இருக்க முடியாது. ஓவியர்கள் பலர் அந்த விளக்கை அலாவுதீன் கதையில் வரும் எண்ணெய் விளக்குப் போல் வரைந்து விட்டார்கள். உண்மையில் அவர் ஏந்தியது துருக்கி நாட்டில் வழங்கிய, மடித்து வைக்கக்கூடிய துணிக்கூண்டு விளக்கு. அதை ஏந்தி அவர் நடந்த காலமும் மிகக் குறைவு. 1854 நவம்பர் முதல் 1856 கோடை வரை. இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதன்பின் அவர் 54 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அவற்றில் பெரும்பகுதி லண்டன் நகரில் ஓர் அறைக்குள்ளே, கட்டிலிலும் சாய்வு நாற்காலியிலுமாகக் கழிந்தது. அந்நாட்களில் அவர் கையில் இருந்தது எழுதுகோல். அந்த எழுதுகோலைப் பற்றியும், தம் மாணவியர் கையிலும் அதனைக் கொடுத்து நேர்மையாக எழுதப் பழக்க அவர் பட்ட பாட்டைப் பற்றியுமே இங்கு நாம் சொல்ல விழைகிறோம்.

அவர் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. பெற்றோர் செல்வம் படைத்த ஆங்கிலேயர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டும் தையலும் கொஞ்சம் பிரெஞ்சும் போதும் என்று கருதினார்கள். இத்தந்தையோ தம் இரு புதல்வியருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே அமர்ந்து கற்பித்தார். மூத்தவள் பார்த்தனோப் பாடத்திலிருந்து நழுவித் தாயாரிடம் தோட்டத்துக்குப் போய்விடுவாளாம். இளையவள் நூலறையிலேயே தங்கினாள். ஒரு சொல்லுக்கு என்ன பொருள், ஒரு வாக்கியம் சொன்னதைத்தான் சொல்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அந்த நூலறையில் விதைக்கப்பட்டது என்றே நாம் நம்புகிறோம். இலத்தீன் வாக்கியத்தை அரைகுறையாகப் பிரித்தால் பொருளே மாறிவிடும் அல்லவா?

தமக்கு இறைவன் ஒரு பணியை வைத்திருக்கிறார் என்னும் உணர்வு 1837-இல், பதினாறு வயதில், அவருக்கு உண்டாயிற்று. அது நோயாளர் பணி என்று தெளிவு பெறச் சில ஆண்டுகள் ஆயின. வீட்டார் அதை ஏற்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்நாளில் ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிப்பழக்கம் உள்ளவள், படிப்பில்லாதவள், வேறு வேலை கிடைக்காதவள் என்பதே உலகத்தார் எண்ணம். காத்திருந்த காலத்தில் இப்பெண் செய்தது நமக்கு வியப்பூட்டுகிறது. விடியுமுன் எழுந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அரசாங்கம் வெளியிட்ட சுகாதார அறிக்கைகளையும் மருத்துவமனைக் கணக்குகளையும் படித்துக் குறிப்பேடுகளை நிரப்பினார். பின்னர் சிற்றுண்டி மணி அடித்ததும் கீழே இறங்கி வந்து வீட்டுப் பெண்ணாக நடந்து கொண்டார். 1847-48 குளிர்காலத்தில் ரோமாபுரி சென்றபோது, திருஇருதய சபைக் கன்னியர் மடத்தில் சில நாட்கள் தியானத்தில் கழித்தார். அங்கே மதர் சாந்தா கொலம்பா என்னும் சகோதரியிடம் கேட்ட ஞான உரைகளை நெடுநாள் மறக்கவில்லை. 1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதம் நோயாளர் பணி கற்றார். அந்நிலையத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு வெளியீடுதான் அச்சேறிய அவருடைய முதல் எழுத்து. அதில் அவர் பெயர் இல்லை.

1854-இல் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் வேண்டுகோளின்படி 38 பெண்களுடன் அவர் அக்டோபர் 21-இல் லண்டனை விட்டுப் புறப்பட்டார். நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று: அந்த 38 பேரில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மாண்ட்சி மடத்து இரக்கத்தின் சகோதரிகள் ஐவர், நார்வுட் மடத்தினர் ஐவர். பெர்மாண்ட்சி மடத்துத் தாய் மேரி கிளேர் மூர் அவர்கள் அங்கே நைட்டிங்கேலுக்கு வலக்கரமாக விளங்கினார். தலைமைப் பொறுப்புக்குத் தம்மைவிட அவரே தகுதியுடையவர் என்று நைட்டிங்கேல் பின்னர் அவருக்குக் கடிதமே எழுதினார். மதர் கிளேர் 1874-இல் இறக்கும்வரை இருவரிடையே கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. புனித தெரேசம்மாள், புனித சிலுவை அருளப்பர் முதலியோரின் நூல்களை மடத்திலிருந்து இரவல் வாங்கி நைட்டிங்கேல் படித்து வந்தார்.

நவம்பர் 4-ஆம் நாள் அவர்கள் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார்கள். அங்கே கண்ட காட்சி பலரும் எழுதியிருப்பதுதான்: அழுக்கு, எலி, அடைத்துக் கிடந்த சாக்கடை, தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட வீரர்கள். இவற்றோடு வேறொரு கேடும் இருந்தது. அதைப் பலரும் எழுதுவதில்லை. அது காகிதத்தில் இருந்த கேடு. ஒரு சட்டை வேண்டுமென்றாலும் படிவம் எழுதிக் கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். படிவத்துக்குப் பஞ்சமில்லை, பண்டசாலையில் என்ன இருக்கிறது என்றுதான் எந்தத் தாளிலும் சரியாக இல்லை. இறந்தோர் கணக்கு இன்னும் மோசம். ஒரே மருத்துவமனையில் இறந்தவர்களை மூன்று அலுவலகங்கள் தனித்தனியே பதிவு செய்தன. மூன்று பட்டியலும் மூன்று வகையான தொகை காட்டின. எத்தனை மகன்கள் இறந்தார்கள் என்பதுகூட அந்த நாட்டுக்குத் தெரியவில்லை. எந்த நோயால் இறந்தார்கள் என்பது எங்கே தெரியப் போகிறது?

இரவில் வார்டுகளைச் சுற்றி முடித்தபின் நைட்டிங்கேல் மேசைமுன் அமர்ந்தார். இறந்த வீரர்களின் தாய்மாருக்கும் மனைவியருக்கும் கடிதம் எழுதினார். மகன் எந்த நோயால் எத்தனை நாள் கிடந்தான், கடைசியில் என்ன கேட்டான், அவனிடம் இருந்த சிறு பணமும் பொருளும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பவற்றை எழுதினார். ஆறுதல் மொழிகள் அக்கடிதங்களில் இருந்தன. ஆனால் பெற்ற தாய்க்கு உண்மையான ஆறுதல் அந்தச் சிறு விவரங்களில்தான் கிடைத்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டார்கள். மார்ச்சு மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. சாக்கடைகளைக் கழுவியது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, குடிநீர்க் கால்வாயில் கிடந்த செத்த குதிரையை அகற்றியது. கோடையில் மரண அளவு நூற்றுக்கு இரண்டு என இறங்கிவிட்டது. இந்த மாற்றத்தின் முழுப் பொருளும் நைட்டிங்கேலுக்கே அப்போது விளங்கவில்லை. உணவுக் குறைவும் களைப்புமே வீரர்களைக் கொன்றன என்று அவர் முதலில் எண்ணியிருந்தார். நாடு திரும்பிய பின், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் வல்லுநருடன் அமர்ந்து கணக்குகளைச் சீர்படுத்தியபோதுதான் சாக்கடையும் நெரிசலும் காற்றோட்டமின்மையும் செய்த கொலை கண்ணுக்குத் தெரிந்தது. குண்டுபட்டு மாண்டவரைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டவர் பன்மடங்கு அதிகம்.

இதை நாட்டுக்கு எப்படிச் சொல்வது? புகழ் பெற்றவர் அவர். மேடை ஏறிப் பேசியிருந்தால் மக்கள் திரண்டு கேட்டிருப்பார்கள். அவர் மேடை ஏறவில்லை. 1858-இல் 800 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை அச்சிட்டு அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு அனுப்பினார். எண்களின் அட்டவணையை அமைச்சர்கள் புரட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று அறிந்து, வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து வண்ணப்படம் வரைந்தார். தடுக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. எழுத்தறியாதவனும் பார்த்த மாத்திரத்தில் நீலம் விரிந்து பரந்திருப்பதைக் காண்பான். போரில்லாத காலத்தில் இங்கிலாந்துப் பாசறைகளில் நேரும் சாவையும் அவர் விடவில்லை. ஊர்மக்களில் ஆயிரத்துக்கு 11 பேர் இறக்கும் வயதில் படைவீரர் 17 முதல் 20 பேர் வரை இறந்தார்கள். விகிதம் என்றால் யார் மனத்தைத் தொடும்? ஆகவே அதையே வேறுவிதமாக எழுதினார்: ஆண்டுதோறும் 1,100 வீரர்களைச் சாலிஸ்பரி சமவெளிக்கு அழைத்துச் சென்று சுட்டுத்தள்ளுவதற்கு ஒப்பான குற்றம் இது என்று. எண் ஒன்றுதான், இரண்டாவது முறை எழுதியபோதுதான் அது மனத்தில் தைத்தது. வில்லியம் பாருக்கு இவ்வகை எழுத்து அவ்வளவாகப் பிடிக்காது. புள்ளிவிவரம் உலர்ந்த நடையில் இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. நாம் இதில் அம்மையார் பக்கமே சாய்கிறோம். ஏனெனில் அவர் உணர்ச்சிக்காக எண்ணைத் திரிக்கவில்லை.

1860-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயாளர் பராமரிப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு நூல் விற்பனைக்கு வந்தது. சில வாரங்களில் 15,000 படிகள் விற்றன. அடுத்த ஆண்டில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று மலிவுப் பதிப்பும் வெளிவந்தது. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்குமாக எழுதப்பட்ட நூல் அது. காற்று, வெளிச்சம், உணவு, படுக்கை என்று செல்லும் அந்நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குவது பற்றிய இயல்தான் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உரியது.

அவ்வியலில் அவர் காட்டும் ஒரு நிகழ்ச்சி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. காலையில் மருத்துவர் வருகிறார். நோயாளிக்கு இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்கிறார். இல்லை என்று பதில் வருகிறது. இதே பதில் இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்லப்பட்டதாம். ஒருவர் ஐந்து பகலும் ஐந்து இரவும் கண்மூடாமல் கிடந்து அதனாலேயே இறந்தவர். மற்றவர் வழக்கம்போல் ஒரே உறக்கமாக உறங்காமல் நடுவே விழித்துக் கொண்டவர். இருவருக்கும் ஒரே சொல்! சொல்லியவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் தவறாகக் கேட்டதாக நினைக்கவில்லை. ஆயினும் மருத்துவருக்கு எதுவும் தெரியவில்லை. எத்தனை மணி நேரம் உறங்கினார், இரவில் எந்த மணிக்கு உறங்கினார் என்று கேட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும் என்கிறார் நைட்டிங்கேல். முன்னிரவில் உறங்கிப் பின்னிரவில் விழித்திருப்பவரின் நிலை வேறு. விடியற்காலையில் மட்டும் கண்ணயர்பவரின் நிலை வேறு.

மருத்துவருக்குத் தாதியிடமிருந்து வேண்டியது கருத்து அன்று, நடந்த செய்தி என்பதும் அவர் வலியுறுத்தியது. தேவலை என்றோ மோசம் என்றோ சொல்வது கருத்து. அந்தக் கருத்தைச் சொல்லத் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலர். கண்டதைச் சொல்வதோ எல்லாராலும் முடிய வேண்டியது. அதுதான் அரிதாக இருக்கிறது என்று அவர் வருந்தினார். படுக்கையை விட்டே எழாத ஒருவர் நாள்தோறும் காலை ஏழு மணிக்குத் தொலைவிலுள்ள கோவிலுக்குப் போய் வருகிறார் என்று பதின்மூன்று பேர் ஒரே குரலில் சாதித்ததைத் தாம் கேட்டதுண்டு என்கிறார். அவர்களில் ஒருவரும் பொய்யர் அல்லர். ஒருவர் கற்பனை செய்தார். மற்றவர் அதை நினைவு என்று எண்ணிக் கொண்டார். இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் தெருவில் நாம் கேட்கும் செய்திகளை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பென்சிலால் ஒரு தாளில் குறித்துக் கொள்வது பற்றி அந்நூலில் அவர் சொல்லியிருப்பது எதிர்பாராதது. குறிப்பெழுதுவது துணை செய்யுமானால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தாளை நம்பினால் கண்ணும் நினைவும் நொண்டியாகி விடக்கூடும் என்றும் எச்சரிக்கிறார். காணாத கண் எழுதும் குறிப்பு எத்தனை அழகான கையெழுத்தில் இருந்தாலும் பயனற்றது. முதலில் பார்வை, பிறகு எழுத்து. இந்த வரிசையை அவர் எக்காலத்தும் மாற்றவில்லை.

அதே 1860-ஆம் ஆண்டில் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. கிரிமியாவில் அவர் ஆற்றிய தொண்டுக்காகப் பொதுமக்கள் திரட்டித் தந்த நிதி அதற்குப் பயன்பட்டது. முதலில் சேர்ந்த மாணவியர் பதினைவர். பயிற்சி ஓராண்டு. மேட்ரன் திருமதி வார்ட்ரோப்பர் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் படிவம் நிரப்பினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், உடைத் தூய்மை, வார்டு நிர்வாகம் ஆகியவை ஒருபுறம். கட்டுப் போடுதல் முதலாக நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் வரை தொழில் திறமைகள் மறுபுறம். மாணவியரும் சும்மா இருக்கவில்லை. விரிவுரைகளுக்குக் குறிப்பெடுக்க வேண்டும். தாம் கவனித்த நோயாளிகளைப் பற்றி எழுத வேண்டும். நாட்குறிப்பும் வைத்திருக்க வேண்டும்.

அப்பெண்களில் பலர் எளிய குடும்பத்தினர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். காலை முதல் இரவு வரை வார்டு வேலை. களைத்த கையில் பேனாவைப் பிடித்து நோயாளியைப் பற்றி எழுதுவது அவர்களுக்கு எத்துணைத் துன்பமாக இருந்திருக்கும்! நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். காய்ச்சல் கண்ட நோயாளியைப் பற்றி இரவுத் தாதி எழுதி வைக்கிறாள். இரவு பரவாயில்லை, கொஞ்சம் கஞ்சி குடித்தார், அடிக்கடி எழுந்தார் என்று எழுதினால் வாக்கியத்தில் பிழையில்லை, பொருள்தான் இல்லை. கொஞ்சம் என்பது இரண்டு கரண்டியா, ஒரு கிண்ணமா? அடிக்கடி என்பது மூன்று முறையா, பதின்மூன்று முறையா? எழுந்தது இருமலாலா, தாகத்தாலா? பத்து மணிக்கு அரைக் கிண்ணம் கஞ்சி, பதினொன்று முதல் இரண்டு வரை உறக்கம், இரண்டு மணிக்கு வியர்த்து விழித்தார், அதன்பின் உறங்கவில்லை என்று எழுதினால் சொற்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். மருத்துவருக்கோ நோயாளியின் இரவு முழுவதும் கண்முன் நிற்கும். (இவ்விடத்தில் பெற்றோர்களுக்கு ஒரு சொல்: நம் பள்ளிக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் உடல்நலமின்மை என்ற ஒரே சொல் தலைவலிக்கும் அம்மைக்கும் பொதுவாக வழங்கி வருகிறது. தலைவலிக்காரி மறுநாள் வரலாம். அம்மைக்காரி வந்தால் வகுப்பே படுத்துவிடும்!)

பள்ளி தொடங்கிய முதல் பத்தாண்டுகளில் நைட்டிங்கேல் அதன் அன்றாட வேலையில் நேராகத் தலையிடவில்லை. நோயும் அரசாங்க வேலையும் அவரை அழுத்தின. 1872-இல் மாணவியரை ஒவ்வொருவராகத் தம் வீட்டுக்கு வரவழைத்துப் பேசத் தொடங்கியபோதுதான் உண்மை தெரிந்தது. பாடம் நடத்தி மாணவியரின் குறிப்புகளைப் பார்வையிட வேண்டிய மருத்துவ ஆசிரியர் தம் கடமையைச் செய்யாமலே காலம் கடத்தியிருந்தார். எழுதச் சொல்லிவிட்டு அதைப் படிக்க ஆளில்லாவிட்டால் எழுத்து எப்படித் திருந்தும்? ஆசிரியர் மாற்றப்பட்டார். ஜான் கிராப்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்து ஒழுங்காக விரிவுரை நடத்தினார். நைட்டிங்கேல் தாமே மாணவியரின் நாட்குறிப்புகளையும் நோயாளிக் குறிப்புகளையும் வாங்கிப் படித்தார். நாடே அவர் வாக்குக்குக் காத்திருந்த நாட்களில், அமைச்சர்களுக்கான கடிதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு பயிற்சிப் பெண் எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். மாணவியர் கட்டுரை நோட்டுகளைச் சிவப்பு மையுடன் இரவெல்லாம் திருத்தும் நம் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் இச்செய்தியைப் படித்துச் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். அந்த 1872 முதல் மாணவியருக்கும் தாதியருக்கும் பொதுக்கடிதம் எழுதுவதையும் பல ஆண்டுகள் வழக்கமாகக் கொண்டார். தாதி என்பவள் கற்றுக்கொண்டே இருக்க வேண்டியவள். முன்னேறாமல் நின்றால் பின்னடைகிறாள் என்பதே அவற்றின் சாரம்.

பிறர் எழுத்தைத் திருத்தியவரின் எழுத்து எப்போதும் குறையற்று இருந்ததா? இல்லை என்று சொல்வதே நேர்மை. 1860-இல் சமயத்தையும் பெண்கள் வாழ்வையும் பற்றி மூன்று தொகுதிகளாக அவர் ஒரு நூலை அச்சிட்டு நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார். அதிலும் 800 பக்கங்களுக்கு மேல். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வெளியிடலாம் என்றார். ஆக்ஸ்போர்டு அறிஞர் பெஞ்சமின் ஜோவெட்டோ சொன்னதையே சொல்வதைக் குறைத்து, ஒழுங்குபடுத்தி எழுத வேண்டும் என்று அறிவுரை கூறினார். ஜோவெட் சொன்னதே சரி. வார்டைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் வீணாக்காத கை, தம் உள்ளத்தைப் பற்றி எழுதும்போது கட்டின்றி ஓடியது. அந்நூலை அவர் பொதுமக்களுக்கு வெளியிடவே இல்லை. இன்னொன்றும் உண்டு. எல்லா மருத்துவமனைகளும் நோய்களையும் சாவுகளையும் ஒரே முறையில் பதிவு செய்ய வேண்டும் என்று மாதிரிப் படிவங்கள் தயாரித்தார். 1860-இல் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு அவற்றை ஏற்றுக்கொண்டது. சில மருத்துவமனைகள் முயன்றும் பார்த்தன. ஆனால் படிவம் நீளமாகவும் சிக்கலாகவும் இருந்ததால் நிலைக்கவில்லை. நிரப்புகிறவருக்கு எத்தனை நேரம் இருக்கிறது என்பதையும் படிவம் எழுதுகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக்கும் அவர் எழுதுகோலுக்கும் தொடர்பு உண்டு. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1859-இல் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணைக்குழு அமைந்தபோது, இங்குள்ள படைத்தளங்கள் அனைத்துக்கும் அனுப்பிய வினாத்தாளை அவரே வகுத்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் என்று நேரான கேள்விகள். பதில்கள் கட்டுக்கட்டாக வந்தன. அக்கட்டுகளைப் படித்து அவர் எழுதிய கருத்துரை 1863-இல் அறிக்கையுடன் வெளிவந்தது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 வீரர்கள் மாண்டார்கள், போரினால் அல்ல. பெங்களூர் அல்சூர் ஏரியில் குடிக்க நீர் எடுத்தார்கள். கடைத்தெருவின் சாக்கடையும் அதே ஏரியில்தான் கலந்தது. இரண்டு செய்திகளும் தளத்திலிருந்து வந்த பதிலிலேயே இருந்தன. தனித்தனியாக இருந்தவற்றை ஒரே வாக்கியத்தில் அருகருகே வைத்தார் நைட்டிங்கேல். மேலும் விளக்கம் எதற்கு?

அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்றார்கள். ஆக்னஸ் ஜோன்ஸ் 1865-இல் லிவர்பூல் ஏழையர் மருத்துவமனைக்குச் சென்று, மூன்றாண்டுகளில் காய்ச்சல் கண்டு இறந்தார். லூசி ஆஸ்பர்ன் 1868-இல் சிட்னி சென்றார். 1877-இல் லிண்டா ரிச்சர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி புனித தோமையார் மருத்துவமனைக்கு வந்து பயின்று, நைட்டிங்கேலையும் சந்தித்தார். இவர் அதற்கு முன்பே நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில், தாதியர் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி வைக்கும் முறையைத் தொடங்கியவர். இரவுப் பணி முடித்தவள் வீட்டுக்குப் போய்விட்டாலும் அவள் கண்டது தாளில் நின்றது. இன்று கட்டில்தோறும் தொங்கும் சார்ட்டுக்கு இவ்வகை முயற்சிகளே முன்னோடி.

கிரிமியாவில் பற்றிய நோய் நைட்டிங்கேலை நெடுங்காலம் படுக்கையில் வைத்தது. பால் வழியே பரவும் மால்டா காய்ச்சலின் பின்விளைவாக அது இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். படுக்கையில் கிடந்தபடியே பென்சிலால் எழுதினார். அவர் எழுதிய கடிதங்களில் இதுவரை கண்டெடுக்கப்பட்டவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். அவருடைய எழுத்துக்களைக் கனடா நாட்டில் 2001 முதல் 2012 வரை 16 பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அவருக்குக் கண்பார்வை மங்கியது. பின்னர் படிக்கவும் எழுதவும் முடியாமற் போயிற்று. பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். 1907-இல் இங்கிலாந்து மன்னர் அவருக்கு மிகுதகுதி விருதினை வழங்கினார். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. விருது வீட்டுக்கே கொண்டுவரப்பட்டது. அப்போது அவர் நினைவும் தளர்ந்திருந்தது. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அவர் விருப்பம் அதுவன்று என்று உறவினர் மறுத்துவிட்டார்கள். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில், பெற்றோரின் கல்லறை அருகே, ஆறு படைவீரர்கள் அவரைச் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களும், பிறப்பு இறப்பு விவரமும் மட்டும் பொறித்திருக்கிறார்கள்.